ரோடான் அளித்த கலைக்கொடை

கொடை பல திறத்தது. பொன்னும் பொருளும் ஈவோர் உளர். நிலமும் மனையும் வழங்குவோர் உளர். கல்விச்சாலையும் மருத்துவமனையும் நிறுவுவோரும் உளர். தம் வாழ்நாள் முழுதும் உழைத்துப் படைத்த கலைப்பொருள் அனைத்தையும் நாட்டு மக்களுக்கே உரியவை என எழுதிக் கொடுத்தவரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டுச் சிற்பியாகிய ஓகுஸ்த் ரோடான்.

பாரிஸ் மாநகரில் வரேன் என்னும் தெருவிலே, பிரோன் மாளிகை என வழங்கும் பழைய மாளிகை ஒன்று உண்டு. அதனைச் சூழ ஏறத்தாழ மூன்று எக்டேர் பரப்பில் மரமும் மலரும் செறிந்த தோட்டம் விரிந்து கிடக்கிறது. மாளிகையினுள்ளே பளிங்குச் சிலைகளும் சுதையுருவங்களும் திகழ்கின்றன; தோட்டத்திலே ரோசாச் செடிகளுக்கிடையே வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. பல நாட்டு மக்களும் அங்குச் சென்று அவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். அவை யாவும் ரோடான் விட்டுச்சென்ற செல்வம். அச்செல்வம் எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு பொதுச் சொத்தாயிற்று, அதனை எல்லாரும் எய்துதற்குச் செய்யத்தக்கது யாது என்பவற்றை இப்பாடத்திற் காண்போம்.

இளமையும் கல்வியும்

ரோடான் 1840ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் காவல்துறை அலுவலகத்தில் எழுத்தர்; வரவு சிறிது; குடும்பமோ எளிது. சிறுவர் ரோடானுக்குக் கிட்டப்பார்வைக் குறை இருந்தது. சேய்மையில் உள்ள பொருள்கள் அவர் கண்ணுக்குத் தெளிவாகப் புலப்படவில்லை. வகுப்பிலே கரும்பலகை எழுத்தைத் தெளிவுறக் காணமாட்டாத சிறுவன் படிப்பிற் பின்தங்குதல் இயல்பே அன்றோ? எழுத்துப் பிழையும் கணக்குப் பிழையும் மலிந்தன. அவர் கல்வியில் மந்தர் என்றே பலரும் கருதினர். ஆயினும், கைக்கு அண்மையில் உள்ள தாளும் எழுதுகோலும் அவருக்கு நல்ல நண்பர்கள் ஆயின. இடையறாது படம் வரைந்தார்.

தம் 14ஆம் வயதில் அவர் சித்திரக் கல்விச்சாலை ஒன்றிற் சேர்ந்தார். தொழிற்கலைஞரைப் பயிற்றும் அச்சாலையைச் சிறிய பள்ளி என்று மக்கள் அழைத்தனர். அங்கு லெக்கோக் என்னும் ஆசிரியர் புதுமுறை ஒன்றைக் கையாண்டார். மாணவர் ஒரு பொருளை நெடுநேரம் கூர்ந்து நோக்கல் வேண்டும். பின்னர் அதனை விட்டு நீங்கி, நெஞ்சிற் பதிந்தவாறு வரைதல் வேண்டும். வெறும் கண்ணால் மட்டும் காணாது கருத்தாற் காணக் கற்பித்த இம்முறை ரோடானுக்குப் பெரிதும் பொருந்திற்று. அப்பள்ளியிலேதான் அவர் களிமண்ணைக் கையால் அளையும் பேறு பெற்றார். அந்நாள் முதல் தம் தொழில் இன்னது எனத் தெளிந்தார்.

பாரிசில் அந்நாளிற் பெருங்கலைஞராக விளங்க விரும்புவோர் அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயிலுதல் வேண்டும். ரோடான் அதன் சிற்பப் பிரிவிற்கு மூன்று முறை தேர்வு எழுதினார். மூன்று முறையும் தோற்றார். உலகம் பின்னாளிற் கொண்டாடிய அச்சிற்பியின் கைத்திறன் அன்று தேர்வாளர் கண்ணுக்குத் தென்படவில்லை! அவர் மனம் வருந்தினாரேனும் தொழிலைக் கைவிட்டாரிலர். செல்வர் மனைகளின் சுவர்களுக்கும் தூண்களுக்கும் கொடியும் மலரும் இலையும் புனையும் கூலித் தொழிலிற் புகுந்தார். அவ்வாறு கழிந்த ஆண்டுகள் பல.

துன்பமும் துணையும்

ரோடானுக்கு மேரி என்னும் தமக்கையார் ஒருவர் இருந்தார். துறவு பூண்டு கன்னிமாடத்திற் புகுந்த அவ்வம்மையார் 1862ஆம் ஆண்டில் நோயுற்று மறைந்தார். தமக்கையார்பால் ஆராக் காதல் கொண்டிருந்த ரோடான் ஆற்றாது அயர்ந்து, தாமும் துறவு பூணக் கருதி ஒரு மடத்தை அடைந்தார். மடத்துத் தலைவராகிய எய்மார் அடிகள் அவ்விளைஞரின் இயல்பை ஆராய்ந்து, அவர் நெஞ்சம் சிற்பத்திலேயே தோய்ந்துள்ளது எனத் தெளிந்தார். களிமண்ணைத் தொடவும் இசைவு தந்து, இறுதியில் அவரைத் தம் தொழிலுக்கே மீண்டுபோகுமாறு ஊக்கினார். தம் மடத்திற்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்வதினும், அவர் எதற்கு உரியரோ அதன்கண் அவரைச் செலுத்துவதே அறம் எனக் கருதிய அப்பெரியாரின் நடுநிலை போற்றத்தக்கது. ரோடான் அவர் திருவுருவை மார்பளவுச் சிலையாகச் செய்து தம் நன்றியைப் புலப்படுத்தினார்.

1864ஆம் ஆண்டில் தையற்றொழில் செய்துவந்த ரோஸ் பெரே என்னும் பெண்மணி அவர் வாழ்க்கைத் துணை ஆயினார். களிமண் உருவம் உலர்ந்தால் வெடித்துவிடும். ஆதலின், அதனை ஈரத்துணியாற் போர்த்து, துணி உலராவண்ணம் அடிக்கடி நனைத்து வருதல் வேண்டும். சிற்பி வெளியே சென்றிருக்கும் காலத்து அப்பணியைப் பழுதின்றிச் செய்து காத்தவர் ரோஸ். பெரும்புகழ் எய்திய படைப்புகளின் பின்னே இவ்வாறு பெயர் விளங்காத கைகள் பல இருத்தலை நாம் மறத்தலாகாது.

அக்காலத்து அவர் தொழிற்கூடம் ஒரு பழைய குதிரைக் கொட்டில். குளிர்காய நெருப்பும் போதாது. கூலித்தொழில் செய்து பிழைத்த பிபி என்னும் முதியவர் ஒருவரை எதிரில் அமர்த்தி, அவர் தலையுருவைக் களிமண்ணில் வனைந்தார் ரோடான். முதியவரின் மூக்கு உடைந்து கோணியிருந்தது. பனிக்காலத்து ஓர் இரவில் கடுங்குளிரால் களிமண் உறைந்து, தலையின் பின்புறம் பிளந்து வீழ்ந்தது. முகம் மட்டும் எஞ்சிற்று. எஞ்சிய முகமே அழகுடையது எனக் கண்டு, அதனை அவ்வாறே 1865ஆம் ஆண்டுக் கலைக்காட்சிக்கு விடுத்தார். நடுவர் அதனை ஏற்றிலர். அழகிய முகத்தையே சிற்பம் காட்டவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. உடைந்த மூக்கிலும் உழைத்துக் களைத்த முகத்திலும் அழகு உண்டு என்பது ரோடானின் கொள்கை. பத்தாண்டு கழித்து, 1875இல், அவ்வுருவின் பளிங்கு வடிவம் அதே காட்சியில் இடம்பெற்றது.

வீண்பழி

1870ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டிற்கும் பிரசியாவிற்கும் போர் மூண்டது. படையிற் சேர்ந்த ரோடான் கிட்டப்பார்வையின் காரணமாக விடுவிக்கப்பட்டார். பின்னர்ப் பிழைப்பை நாடிப் பெல்ஜிய நாட்டுப் பிரசல்ஸ் நகருக்குச் சென்று ஆறு ஆண்டுகள் தொழில் செய்தார். சிறிது பொருள் சேர்ந்ததும் இத்தாலிக்குச் சென்று, மைக்கலாஞ்சலோ என்னும் பெருஞ்சிற்பியின் படைப்புகளைக் கண்ணாரக் கண்டார். அப்பயணம் அவர் கைக்குப் புதிய வலிமை தந்தது.

போர்வீரன் ஒருவனை மாதிரியாக நிறுத்தி, ஆளுயர உருவம் ஒன்றைப் பதினெட்டுத் திங்கள் உழைத்து முடித்தார். அதற்கு வெண்கல யுகம் என்று பெயர். 1877ஆம் ஆண்டில் அது காட்சிக்கு வந்தபோது, உயிருள்ள மனிதனே நிற்பது போன்ற அதன் நேர்மையைக் கண்டோர் வியந்தனர், பின்னர் ஐயுற்றனர். இவர் கையால் வனைந்தாரிலர். மனிதன் உடல்மேலேயே சாந்தை அப்பி அச்செடுத்துவிட்டார் என்று பழி தூற்றினர். திறமையின் மிகுதியே குற்றத்திற்குச் சான்று ஆயிற்று! ரோடான் மாதிரியாக நின்ற வீரனின் ஒளிப்படங்களை எடுத்து அனுப்பி முறையிட்டார். நெடுநாள் பயன் விளையவில்லை. இறுதியில் உடன்தொழிற் கலைஞர் பலர் அவர் நேர்மைக்குச் சான்று பகர்ந்தனர். 1880ஆம் ஆண்டில் அரசே அச்சிலையை விலைக்கு வாங்கிற்று. அப்போது ரோடானுக்கு வயது முப்பத்தொன்பது.

நரக வாயில்

அவ்வாண்டிலேயே, பாரிசில் அமைக்கக் கருதிய அலங்காரக் கலை அருங்காட்சியகம் ஒன்றிற்குப் பெருங்கதவு செய்யும் பணியை அரசு அவரிடம் ஒப்படைத்தது. இத்தாலியப் பெரும்புலவர் தாந்தே பாடிய காப்பியத்தின் நரகப் பகுதியைப் பொருளாகக் கொண்டு அவர் பணியைத் தொடங்கினார். ஆறு மீட்டர் உயரமுடைய அக்கதவில் இருநூறுக்கு மேற்பட்ட உருவங்கள் எழுந்தன. அருங்காட்சியகம் கட்டப்படவே இல்லை. ஆயினும், அக்கதவை அவர் விட்டாரிலர். தம் இறுதிக்காலம் வரை அதனைச் சேர்த்தும் மாற்றியும் வந்தார். அதனை வெண்கலத்தில் வார்த்துக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

ஆயினும், கதவு வீணாகவில்லை. கதவின் மேற்பகுதியில் அமர்ந்து கீழுள்ள துயரையெல்லாம் நோக்கி ஆழ்ந்து எண்ணும் ஓர் உருவத்தை ரோடான் அமைத்திருந்தார். அதனைத் தனியே எடுத்துப் பெரிதாக்கிய வடிவமே சிந்தனையாளன் என்னும் புகழ்பெற்ற சிலை. முழங்கை தொடையில் ஊன்றியிருக்க, கைமேல் மோவாய் தாங்கியிருக்க, கால்விரலும் நிலத்தைப் பற்றி இறுகுமாறு அமைந்த அவ்வுருவம், எண்ணுதலும் ஓர் உழைப்பே என்பதை உணர்த்துகிறது. அறிஞர்களை அடக்கம் செய்யும் பாந்தியோன் மண்டபத்தின் முன் 1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அது, 1922ஆம் ஆண்டில் பிரோன் மாளிகைத் தோட்டத்திற்கு மாற்றப்பெற்றது.

அவருடைய தொழிற்கூடத்தில் உதவியாளர் பலர் பணியாற்றினர். ரோடான் களிமண்ணில் வனைவார். சிலர் அதிலிருந்து சாந்து அச்செடுப்பர். சிலர் அளவெடுத்துப் பளிங்கிற் செதுக்குவர். வார்ப்போர் வெண்கலத்தில் வார்ப்பர். அவ்வுதவியாளருள் தலைசிறந்தவர் கமீய் குளோதேல் என்னும் பெண் சிற்பி. ரோடானின் மாணவியாக வந்து, அவர் பெரும்பணிகளிற் பங்கு கொண்டு, தாமும் உயர்ந்த சிலைகளைப் படைத்தார். பிற்காலத்தில் இருவரும் பிரிந்தனர். 1913ஆம் ஆண்டில் மனநோய் விடுதியிற் சேர்க்கப்பட்ட அவ்வம்மையார், 1943இல் இறக்கும்வரை வெளிவரவில்லை. அவர் திறமையை உலகம் உரிய காலத்தில் மதிக்கத் தவறியது. இன்று அவர் படைப்புகள் ரோடானின் அருங்காட்சியகத்திலேயே மக்கள் காணுமாறு வைக்கப்பட்டுள்ளன.

கலே நகரத்து அறுவர்

ரோடானின் உள்ளத்தை நாம் நன்கு அறிதற்கு உரிய படைப்பு கலே நகரத்து அறுவர் என்பதாகும். கலே என்பது பிரெஞ்சு நாட்டு வடகரையில் உள்ள துறைமுக நகரம். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு அந்நகரை முற்றுகையிட்டு ஏறத்தாழப் பதினொரு திங்கள் வளைத்திருந்தார். நகரினுள் உணவு தீர்ந்தது. 1347ஆம் ஆண்டில் நகரத்தார் பணிய முன்வந்தபோது, தலைவர் அறுவர் வெறுங்காலுடன், கழுத்திற் கயிறு பூண்டு, நகரின் திறவுகோல்களை ஏந்தித் தம் முன் வந்து உயிர்விட இசைந்தால் ஏனையோரை விடுவதாக மன்னர் கூறினார். முதியவராகிய யூஸ்தாஷ் முதலில் எழுந்தார். மற்றும் ஐவர் தொடர்ந்தனர். அறுவரும் சாவை நோக்கி நடந்தனர். அரசியார் பிலிப்பா இரங்கி மன்றாடியதனால் அவர்கள் உயிர் பிழைத்தனர் என்பது வரலாறு.

இவ்வறுவருக்கும் நினைவுச்சின்னம் எழுப்பும் பணி ரோடானுக்குக் கிட்டிற்று. வீரர்க்குச் சிலை எடுப்போர் அந்நாளில் அவர்களை வெற்றிப் பெருமிதத்துடன் உயர்ந்த பீடத்தில் நிறுத்துவதே வழக்கம். ரோடான் அவ்வாறு செய்தாரிலர். அறுவரையும், அவர்கள் நகரவாயிலை விட்டுப் புறப்படும் அந்த ஒரு கணத்தில் வைத்து எண்ணினார். ஒருவர் தலையைக் கைகளாற் பற்றிக்கொள்கிறார். ஒருவர் திரும்பி நோக்குகிறார். ஒருவர் திறவுகோலை இறுகப் பற்றி நிமிர்ந்து நிற்கிறார். அச்சமும் துயரமும் அவர்களிடத்து உண்டு. அச்சம் இருந்தும் அடியெடுத்து வைத்தனர் என்பதிலேதான் அவர்தம் வீரம் விளங்குகிறது.

அச்சிலைகளைப் பீடத்தில் ஏற்றாமல், நகரமண்டபத்தின் முன் தரைமட்டத்திலேயே நிறுத்தல் வேண்டும் என்று ரோடான் விரும்பினார். கடைக்குப் போவோரும் பள்ளிக்குப் போவோரும் அறுவரின் அருகே நடந்து, தம் முன்னோரின் தோளுக்குத் தோள் நிற்பதுபோல உணர்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. நகரத்தார் அதனை ஏற்றிலர். 1895ஆம் ஆண்டிற் சிலைகளை உயர்ந்த பீடத்தின்மேல் ஏற்றிச் சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி அமைத்துத் திறந்துவைத்தனர். மக்களுக்கு அண்மையில் நிற்கவேண்டிய அறுவர் எட்டா உயரத்தில் நின்றனர். ரோடான் மறைந்து ஏழாண்டு கழித்து, 1924இல், அவர்கள் தாழ்ந்த பீடத்திற்கு இறக்கப்பட்டு நகரமண்டபத்தின் முன் நிறுத்தப்பட்டனர். சிற்பியின் விருப்பம் இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஈடேறியது.

மாணவர்களே! இந்நிகழ்ச்சியை நன்கு நினைவிற் கொள்ளுங்கள். கலை இருந்தால் மட்டும் போதாது. அதனை மக்கள் அணுகக்கூடிய இடத்தில் வைத்தலும் வேண்டும். பீடத்தின் உயரமும் வேலியின் கம்பியும் கலையின் பயனைக் குறைத்துவிடும். இவ்வுண்மையை ரோடான் தம் காலத்திலேயே உணர்ந்திருந்தார்.

பால்சாக்கும் ஆடவல்லானும்

1891ஆம் ஆண்டில், பெருங்கதையாசிரியர் பால்சாக்கிற்குச் சிலை செய்து தருமாறு எழுத்தாளர் கழகம் ரோடானை வேண்டிற்று. அவர் ஏழாண்டு முயன்று, நீண்ட அங்கி போர்த்து நிமிர்ந்து நிற்கும் உருவமொன்றை 1898இற் காட்சிக்கு வைத்தார். கண்டோர் எள்ளி நகைத்தனர். கழகமும் ஏற்க மறுத்தது. நண்பர் சிலர் பொருள் திரட்டி அதனை விலைக்கு வாங்க முன்வந்தனர். ரோடான் அவர்க்கும் கொடுத்தாரிலர். பெற்ற முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சிலையைத் தம் இல்லத்திற்கே கொண்டு சென்றார். அச்சிலை வெண்கலமாகிப் பாரிஸ் நகர வீதியில் நின்றது 1939ஆம் ஆண்டில்தான். அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன. 1900ஆம் ஆண்டிற் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, தாமே தனி மண்டபம் ஒன்றை எழுப்பித் தம் படைப்புகளை அங்கு வைத்தார் அவர். அதன்பின் அவர் புகழ் கடல் கடந்து பரவிற்று.

அவர் முதுமைக் காலத்தில் நம் தமிழகக் கலையும் அவரைச் சென்று அடைந்தது. ரஷ்ய அறிஞர் கொலுபேவ் என்பார், சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள ஆடவல்லான் செப்புத் திருமேனிகளின் ஒளிப்படங்களை அவருக்குக் காட்டினார். அவற்றுள் திருவாலங்காட்டிற் கிடைத்த திருமேனி தலைசிறந்தது. ரோடான் இந்தியாவிற்கு வந்தவரல்லர். அத்திருமேனிகளை நேரிற் கண்டவருமல்லர். ஒளிப்படங்களையே பல நாள் நோக்கி, கால் தூக்கிய நிலையையும் கைகளின் ஒழுங்கையும் முகத்தின் அமைதியையும் துருவி ஆராய்ந்து, 1913ஆம் ஆண்டளவில் வியப்புரை ஒன்றை எழுதினார். அவ்வுரை 1921ஆம் ஆண்டில், இலங்கைத் தமிழர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய ஆனந்த குமாரசுவாமி முதலியோரின் கட்டுரைகளுடன் ஒரே நூலாக வெளிவந்தது. சோழநாட்டுக் கம்மியர் வார்த்த திருமேனி, மொழியும் சமயமும் வேறாகிய சிற்பி ஒருவரின் நெஞ்சைத் தொட்டதென்றால், கலைக்கு எல்லை ஏது?

நாட்டுக்கு அளித்த கொடை

பிரோன் மாளிகை 18ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்டது. பின்னர்க் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியாக நெடுங்காலம் இருந்தது. பள்ளி மூடப்பட்டபின், அதனை இடித்து மனைகளாக விற்க எண்ணினர். அதுவரை அறைகளைக் கலைஞர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டனர். செருமானிய மொழிக் கவிஞர் ரில்கே வாயிலாக இம்மாளிகையை அறிந்த ரோடான், 1908ஆம் ஆண்டிற் கீழ்த்தளத்து அறைகள் சிலவற்றை வாடகைக்கு எடுத்தார். தோட்டம் புதர் மண்டிக் காடுபோற் கிடந்தது. அக்காட்டழகே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

மாளிகைக்கு அழிவு நேரும் என்று அறிந்ததும் அவர் ஒரு வழி கண்டார். தம் சிலைகள், ஓவியங்கள், தாம் தேடித் தொகுத்த பழஞ்சிற்பங்கள், தம் படைப்புகளைப் படியெடுக்கும் உரிமை ஆகிய யாவற்றையும் நாட்டிற்குத் தருவதாகவும், மாளிகையை அவற்றிற்குரிய அருங்காட்சியகமாக்கித் தம் ஆயுட்காலம் வரை அங்கு வாழ இசைவு தருதல் வேண்டும் என்றும் அரசுக்குத் தெரிவித்தார். 1911ஆம் ஆண்டில் அரசு மாளிகையை வாங்கிற்று. ஆயினும், கொடையை ஏற்பதற்கு எதிர்ப்புகள் எழுந்தன. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டின் இறுதியில்தான் பாராளுமன்றம் இசைந்தது.

அடுத்த ஆண்டே அவர் வாழ்வின் இறுதி ஆண்டாயிற்று. ஐம்பத்துமூன்று ஆண்டுகள் உடன்வாழ்ந்த ரோசை 1917ஆம் ஆண்டு சனவரித் திங்களில் முறைப்படி மணந்துகொண்டார். இரண்டே வாரங்களில் அவ்வம்மையார் மறைந்தார். நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள் ரோடானும் உயிர்நீத்தார். பாரிசுக்கு அருகே மெதோன் என்னும் ஊரில், தம் இல்லத்தின் தோட்டத்திலே, சிந்தனையாளன் சிலையின் அடியில் இருவரும் அடக்கம் செய்யப்பெற்றனர். 1919ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களிற் பிரோன் மாளிகை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தாம் அரிதின் முயன்று உருவாக்கிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டதைக் காண அவர் இல்லை.

எல்லாரும் காண வேண்டும்

கொடுத்தவர் கடமை அத்துடன் முடிந்தது; பெற்றவர் கடமை அங்கே தொடங்கிற்று. எல்லார்க்கும் என்று கொடுத்த கொடை எல்லாரையும் சென்று சேர்தல் வேண்டும் அன்றோ? பழைய மாளிகைகளைக் கட்டியோர் படிகளை எழுப்பினர்; சக்கர நாற்காலியில் வருவோரை அவர்கள் எண்ணிப்பார்த்ததில்லை. பிரெஞ்சு நாட்டில் 2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், பொது இடங்களை உடற்குறை உடையோரும் அணுகுமாறு அமைத்தல் வேண்டும் என வகுத்தது. நூறாண்டுக்கு மேலாக மக்கள் நடந்து தளர்ந்திருந்த பிரோன் மாளிகையின் மரத்தளங்கள் மூன்றாண்டு செப்பனிடப்பெற்று, 2015ஆம் ஆண்டு ரோடானின் பிறந்தநாளன்று மாளிகை மீண்டும் திறக்கப்பட்டது. நடக்க இயலாதோர் அணுகுதற்குரிய வசதி செய்தலும் அத்திருப்பணியின் நோக்கங்களுள் ஒன்றாகும். உடற்குறை உடையோர்க்கும் அவர்க்குத் துணையாக வரும் ஒருவர்க்கும் அங்கு நுழைவுக்கட்டணம் இல்லை.

எனினும், சட்டமும் சலுகையும் மட்டும் ஒருவரைத் தோட்டத்தினுள் கொண்டு சேர்த்துவிடா. உடன் செல்வோர் முன்கூட்டியே எண்ணித் திட்டமிடுதல் வேண்டும். சக்கர நாற்காலியில் இயங்கும் முதியவர் ஒருவரும், பார்வை இழந்த மாணவர் ஒருவரும் அங்குச் செல்ல விரும்புவதாகக் கொள்வோம். அவர்தம் துணைவர் எண்ணத்தக்கவை யாவை?

முதலாவது, நாள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்திற்கு விடுமுறை. கூட்டம் மிகுந்த நாளில் நாற்காலியைத் திருப்பவும் இடம் இராது. ஆதலின் காலைவேளை நன்று. இரண்டாவது, வழி. வரேன் என்னும் சுரங்க ரயில் நிலையம் அருகிலேயே உள்ளது; அதன் நடைமேடையிலும் சிந்தனையாளன், பால்சாக் ஆகிய சிலைகளின் படிகள் நிற்கின்றன. ஆயினும், அந்நிலையத்தில் படிக்கட்டு ஏறியே வெளிவர வேண்டும். நடக்க வல்லார்க்கு அஃது அண்மை வழி. நாற்காலியில் இருப்பார்க்கோ அடைபட்ட வழி. சாய்பலகையை இறக்கி நாற்காலியை ஏற்றிக்கொள்ளும் நகரப் பேருந்தே அவர்க்கு ஏற்றது. மூன்றாவது, தரை. சரளை பரப்பிய தோட்டப் பாதையில் சக்கரம் எளிதில் உருளாது. தள்ளுவோர் கையும் தளரும். ஆதலின் எச்சிலைகளைக் கட்டாயம் காண்பது, எவ்வழியிற் செல்வது, எங்கே அமர்ந்து இளைப்பாறுவது என்பவற்றை முன்னரே வரையறுத்தல் வேண்டும். நான்காவது, மின்தூக்கியும் கழிப்பிடமும். அவை எங்கே உள்ளன, அன்று இயங்குகின்றனவா என்பவற்றை அலுவலரிடம் முன்னதாகக் கேட்டறிதல் வேண்டும். கேட்பதில் நாணம் வேண்டா.

பார்வை இழந்தவர்க்குச் சிலையால் யாது பயன் எனச் சிலர் வினவக்கூடும். சிற்பம் ஓவியம் போன்றதன்று. அது கையால் பிறந்தது, கையால் அறியத்தக்கது. விரல் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் பளிங்கையும் சுதையையும் மாசுபடுத்தும் ஆதலின், கண்ட சிலையை எல்லாம் தொடுதல் கூடாது. ஆயினும், பார்வை இழந்தோர்க்கென முன்னேற்பாட்டுடன் தொட்டறியும் நிகழ்ச்சிகளை அருங்காட்சியகங்கள் நடத்துவதுண்டு. துணைவர் விவரித்துச் சொல்லுதலும் பெரும்பயன் தரும். ரோடான் 1908ஆம் ஆண்டில் அமைத்த கதீட்ரல் என்னும் சிலை, விரல்நுனிகள் நெருங்கி நிற்கும் இரு கைகளைக் காட்டுகிறது. கூர்ந்து நோக்கினால் அவை இரண்டும் வலக்கைகள்; ஆதலின் இருவர்க்கு உரியவை. துணைவர் தம் வலக்கையை நண்பரின் வலக்கைக்கு எதிரே குவித்து வைப்பாராயின், அச்சிலையின் உட்பொருளைக் கண்ணில்லாமலே நண்பர் உணர்ந்துகொள்வார். இவ்வாறு செய்தற்குக் காசும் வேண்டா; கருவியும் வேண்டா; அன்பும் சிறிது முன்யோசனையும் போதும்.

நாம் கொள்ளத்தக்கது

கரும்பலகையைக் காணமாட்டாது மந்தர் எனப்பட்ட சிறுவரே உலகின் கண்களைத் திறந்த சிற்பியானார். ஒருவர்க்குள்ள குறையை நோக்கி அவர் தகுதியை அளப்பது பேதைமை என்பதற்கு அவர் வாழ்வு சான்று. மும்முறை தோற்றும், வீண்பழி சுமந்தும், எள்ளலுக்கு ஆளாகியும் அவர் கை ஓயவில்லை. ஓயாது ஈட்டிய செல்வத்தைத் தமக்கென வைத்துக்கொள்ளவும் இல்லை.

மாணவர்களே! நீங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சுற்றுலாச் செல்லும் நாள் வரக்கூடும். ரோடான் ஒளிப்படத்திற் கண்டு வியந்த ஆடவல்லான் திருமேனியை நீங்கள் நேரிற் காணும் பேறுடையீர். அந்நாளில் உங்கள் வகுப்பில் நடக்க இயலாத தோழர் ஒருவர் இருந்தால், அவரை வீட்டில் விட்டுச் செல்லுதல் தகுமா? எத்தனை படிகள், எவ்வழி, எங்கே இளைப்பாறுவது என்று ஒரு வாரம் முன்னரே ஆசிரியருடன் கூடி எண்ணுங்கள். பயணத்தின் விரைவை அவருக்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். கலே நகரத்து அறுவரைப் பீடத்தினின்று இறக்க இருபத்தொன்பது ஆண்டுகள் ஆயின. உங்கள் தோழரைத் திருமேனியின் முன் கொண்டு நிறுத்த ஒரு வார எண்ணம் போதும்.